பிரேக்கைத் தொடாத டிரைவர்

அத்தியாயம் 5

வேன் நின்றுவிட்டது. ரேடியோவின் நெற்றி மட்டும் நிற்காமல் போய் முன் சீட்டுக் கம்பியில் மோதியது.

“அய்யோ! யாருப்பா அது குறுக்கே?”

“நாய் சார்,” என்றான் வேனை ஓட்டியவன்.

ரேடியோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். நாய் அந்தப் பக்கத்து நடைபாதையில், பூட்டிய கடை வாசலில், காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

“அது குறுக்கே வரணும்னா முதல்ல எழுந்திருக்கணும்பா. அதுக்கே மத்தியானம் ஆயிடும்.”

“ஒருவேளை வந்துட்டா?” என்று சொல்லிவிட்டு அவன் வேனை விருட்டென்று கிளப்பினான். இந்தத் தடவை ரேடியோவின் பின்மண்டை அடிவாங்கியது.

வண்டி ஓட்டியவனுக்கு வேன் ஷெட்டில் ‘சடன்’ என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அவன் பிரேக் போடும் அழகை ஒரு தடவை அனுபவித்தவர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள். ரேடியோவின் கதையும் அதேதான். வாய் ஓயாததால் ரேடியோ. அவனுக்குச் சம்பளம் கொடுத்து, அந்த வாயையும் பொறுத்துக்கொள்ளும் அம்மாள், முன் சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் பார்த்து ‘இது நிஜம், இது டூப்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊருக்கு அவர் சர்வேயர்தான்.

ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இந்த வழக்கே அவளுடையது. சடன் அவளுடைய தம்பி. போலீஸ் ஸ்டேஷனில் உள்ளே இருப்பது அவள் புருஷன்.

“தம்பி, கொஞ்சம் சீக்கிரம் போடா. மத்தியானத்துக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுவாங்களாம்.”

“போய்ட்டுதானே அக்கா இருக்கேன்.”

போனான். சிவப்பு விளக்கு எரிவது தூரத்திலேயே தெரிந்தும், ஏதோ அது இவனுக்காகப் பச்சை ஆகிவிடும் என்பதுபோல விரட்டிக்கொண்டு போய், கிட்டே வந்ததும் ஓங்கி மிதித்தான். செருப்புக் கால் பெடலில் வழுக்கியது. மறுபடி மிதித்தான். ரேடியோ முன்கூட்டியே கம்பியைப் பிடித்துக்கொண்டதால் நெற்றி தப்பியது, முழங்கை மாட்டியது.

“அது என்ன தம்பி ரெண்டு ரெண்டு தடவை மிதிக்கிறே? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?”

“பெடல் வழுக்குது சார்.”

சர்வேயர் ரோட்டைப் பார்க்காமல் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி வருகிறதோ என்று ரேடியோ கவலைப்பட்டான்.

நடந்தது இவ்வளவுதான். தையற்காரம்மாவின் புருஷனும் சடனும் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரே வேன் கம்பெனியில் டிரைவர்கள். புருஷனை ‘நிதானம்’ என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடை இரண்டு தடவை மாற்றும் காலத்தில் அவர் ஒரு தடவைகூட மாற்றமாட்டார். திங்கட்கிழமை காலையில் காலி வேனோடு மேட்டுத் தெரு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ரோட்டுக்கு ஓடி வந்தது. பிரேக்கை மிதித்தார். கறகறவென்று இரும்பு சத்தம் வந்ததே ஒழிய வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார். வேன் போய் பஸ் ஸ்டாப்பில் இடித்தது. அங்கே நின்ற பேப்பர்காரருக்குக் கால் முறிந்தது.

கழற்றிப் பார்த்தால் பேடு தேய்ந்து தகடுதான் மிச்சம். ‘சாதனை சாதனை என்று பேடை மாற்றாமலே ஓட்டியிருக்கிறான், தெரிந்தே செய்த குற்றம்’ என்று ஓனர் புகார் கொடுத்துவிட்டார். அதைவிடக் கொடுமை, நிதானமும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டால் லைசென்ஸ் போச்சு, ஜெயில் நிச்சயம்.

“அவரா தேஞ்ச பேடோட ஓட்டுவாரு?” தையற்காரம்மாவின் குரல் உடைந்தது. “காலையில எழுந்ததும் மூஞ்சி கழுவறாரோ இல்லையோ, டயரைத் தட்டிப் பாக்கற மனுஷன். யாரோ பண்ணியிருக்காங்கம்மா. யாரா இருந்தாலும் விட்டுடாதீங்க.”

“யாரா இருந்தாலுமா?” என்றார் சர்வேயர், திரும்பாமல்.

“யாரா இருந்தாலும்!”

ஷெட் வந்தது. வேன் எப்படி நின்றது என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

ஷெட் மேஸ்திரி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண்கள். அந்தக் கண்கள் யாரையும் நேராகப் பார்க்காததை ரேடியோ உடனே குறித்துக்கொண்டான்.

“இதுதாம்மா அந்தப் பேடு.” மேஜைமேல் நாலு தகடுகள் கிடந்தன. இரும்போடு இரும்பு உரசி ஓரமெல்லாம் பளபளத்தது. “இதுக்கு மேல தேய இடமில்ல.”

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

மேஸ்திரி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

“மேடம் கேக்கறாங்க. மேஜை கேக்கல,” என்றான் ரேடியோ.

“பாக்கவே இல்ல,” மேஸ்திரி சட்டென்று உடைந்தார். “நிஜத்தைச் சொல்லிடறேன். எல்லார் வண்டியையும் மாசா மாசம் பாப்பேன். நிதானம் வண்டியை மட்டும் பாக்கறதில்ல. எதுக்குப் பாக்கணும்? அந்த ஆளு பிரேக்கே போட மாட்டாரே! அரை மைலுக்கு முன்னாடி சிவப்பு விளக்கைப் பாத்துடுவாரு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு கியரை ஒவ்வொண்ணா குறைச்சுக்கிட்டே வருவாரு. விளக்குகிட்ட வர்றதுக்கும் அது பச்சையாகறதுக்கும் சரியா இருக்கும். ‘நிக்கறதுக்காக எதுக்குய்யா ஓடணும்’னு கேப்பாரு. முன்னாடி போற வண்டிக்கும் இவருக்கும் நடுவுல ரெண்டு வண்டி நுழையலாம். நுழைஞ்சாலும் கோவப்பட மாட்டாரு, இன்னும் கொஞ்சம் பின்வாங்குவாரு. அப்படி ஓட்டினா பேடு எங்கேருந்து தேயும்?”

“தேஞ்சிருக்கே,” என்றார் சர்வேயர்.

“அதாம்மா எனக்கும் புரியல.”

நிதானத்தின் வேன் மூலையில் மூக்கு நசுங்கிக் கிடந்தது. சர்வேயர் சக்கரத்துப் பக்கமே போகவில்லை. டிரைவர் கதவைத் திறந்தார். அது பாதிதான் திறந்தது. உடம்பைக் குறுக்கி உள்ளே ஏறி உட்கார்ந்து, பெடல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரேடியோ, குனிஞ்சு கையை விடு. மூணு பெடலையும் தடவிப் பாரு.”

“மேடம், என் ஜாதகத்துல ஏதோ கோளாறு. மத்தவங்க துப்பறியப் போனா ஓட்டல்ல உக்காந்து உளவு பாப்பாங்க. எனக்கு மட்டும் பெடல்.”

“தடவுடா.”

தடவினான். “கிளச்சு ரப்பர் மொழுமொழுன்னு இருக்கு. ஆக்சிலேட்டர் பரவாயில்ல. பிரேக்கு… அட! கோடு கோடா அப்படியே இருக்கு மேடம். கடையில வாங்கினது மாதிரி.”

“கியரைக் குறைச்சே வேகத்தைக் குறைக்கிற ஆளு. கிளச்சு தேஞ்சிருக்கு, பிரேக் ரப்பர் தேயல. இந்தக் கால் அந்தப் பேடைத் தின்னிருக்குமா?”

ரேடியோவின் வாய் ஒரு நிமிஷம் மூடியது. அபூர்வமான காட்சி.

“அப்போ… அந்தப் பேடு இந்த வண்டிப் பேடே இல்லையா?”

“யாரோ மாத்தியிருக்காங்க. இவரோட நல்ல பேடைக் கழட்டி எடுத்துக்கிட்டு, தேஞ்சுபோன பேடை இதுல மாட்டிட்டாங்க. பேடை மாத்தின ஆளு பெடலை மறந்துட்டாரு. மொட்டையா தேஞ்ச பிரேக் ரப்பரு, கீழே புத்தம்புதுசு மாதிரி தடிமனான பேடு. அப்படி ஒரு வண்டி எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு. அதைப் பிடிச்சா ஆளைப் பிடிச்சாச்சு.”

தையற்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “நான் சொன்னேன்ல! எந்தப் பாவிம்மா அது?”

ரேடியோ இருப்புக் கொள்ளாமல் ஓடினான். ஷெட்டில் நின்ற அத்தனை வேன்களிலும் ஏறி இறங்கினான், குனிந்தான், தடவினான். ஒரு டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மிதித்தான், மன்னிப்புக் கேட்டான், அடுத்த வண்டிக்குப் போனான். எல்லா ரப்பரும் ஏறத்தாழ ஒரே மாதிரி பாதி தேய்ந்திருந்தன. மொட்டை எதுவும் அகப்படவில்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சர்வேயரின் காதில் குசுகுசுத்தான்.

“மேடம், மேஸ்திரிதான். முழியே சரியில்ல. பேடு கழட்டத் தெரிஞ்ச ஆளு. கருவி எல்லாம் அவர் கையில.”

“இங்க எந்த டிரைவருக்குக் கழட்டத் தெரியாது?” என்று கேட்டுவிட்டு சர்வேயர் மேஸ்திரியிடம் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை ஷெட்டுல யாரு இருப்பாங்க?”

“யாரும் இல்லம்மா, பூட்டுதான். சாவி ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு நிதானத்துக்கிட்ட, ஓனரே நம்பிக் கொடுத்தது.”

“அது எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது,” என்றாள் தையற்காரம்மா பெருமையாக. “வெளியாளு ஒருத்தரும் தொட முடியாது.”

“பாத்தீங்களா!” ரேடியோ கண்ணாலேயே மேஸ்திரியைக் கைது செய்தான். “மிச்சம் ஒரே இடுப்புதான்.”

சர்வேயரின் முகத்தில் சந்தோஷமே இல்லை. வழக்கமாக முடிச்சு அவிழும் நேரத்தில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். இப்போது பையின் பட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, பேடு சீக்கிரம் தேஞ்சா இங்க என்ன பண்ணுவாங்க?”

“வண்டியைப் பிடுங்கிடுவாங்க. ஓனர் போட்ட சட்டம். போன தடவை மாத்தினப்பவே இவன்கிட்ட,” வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சடனைக் காட்டினார், “இன்னொரு தடவை ஆச்சுன்னா ஸ்டியரிங்கை மறந்துடுன்னு சொல்லிட்டாரு. ஆனா பையன் ரோஷக்காரன். இன்னிக்குக் காலையில அவன் சக்கர ஓட்டை வழியா பாத்தேன், பேடு கும்முனு இருக்கு. திருந்திட்டான்.”

ரேடியோவின் கை தானாக நெற்றிப் புடைப்புக்குப் போனது. திருந்தியவன் கொடுத்த புடைப்பு. எங்கேயோ ஏதோ இடித்தது. என்ன என்று யோசிப்பதற்குள் தையற்காரம்மாவின் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து தெரிந்த போலீஸ்காரர்.

“என்னது? எழுதி முடிச்சாச்சா? அய்யோ, கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க சார்! இதோ வந்துட்டோம்!” அவள் ஓட ஆரம்பித்தாள். “டேய், வண்டியை எடுடா!”

வேன் பறந்தது. குலுங்கியது, நின்றது, மறுபடி பறந்தது. தையற்காரம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவோமோ என்ற பயத்தில்.

“இவ்வளவு சிக்கனமா எதுக்கு ஓட்டறீங்க, பேடு என்ன உங்க பாட்டன் சொத்தான்னு கேலி பண்ணுவேம்மா. ‘சேத்து வைக்கிறேன்’னு சொல்லுவாரு. ‘என்னைக்காவது ஒரு நாள் நிஜமாவே மிதிக்க வேண்டியிருக்கும். அன்னிக்கு அது இருக்கணும்’னு. அந்த ஒரு நாள் வந்துச்சு. எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்.”

மேட்டுத் தெரு உச்சியில் சிவப்பு விளக்கு. சடன் மிதித்தான், வழுக்கியது, மறுபடி மிதித்தான். எல்லாரும் குலுங்கி நின்றார்கள்.

“ரேடியோ,” என்றார் சர்வேயர், “மொட்டைப் பெடல் வண்டியைக் கண்டுபிடிச்சியா?”

“ஷெட்டுல இல்ல மேடம். வெளிய போன வண்டி எல்லாம் சாயங்காலம்தான்…”

“நீ அதுலதான் உக்காந்திருக்கே.”

ரேடியோ முதலில் சிரித்தான். பிறகு எட்டிப் பார்த்தான். சடனின் கால் பிரேக்கிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. கீழே பெடல் ரப்பர் கோடே இல்லாமல், நடுவில் இரும்பு தெரிய, மொட்டையாக இருந்தது.

தையற்காரம்மாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. தம்பியின் பிடரியைப் பார்த்தாள், சர்வேயரைப் பார்த்தாள்.

“என்ன சொல்றீங்கம்மா? இது என் தம்பி வண்டி.”

“ஆமாம்மா. அடிச்சு அடிச்சு ஓட்டற வண்டி. ஆனா பேடு கும்முனு இருக்கு. காலையில ஏறினதுலேருந்து அந்தக் காலைத்தான் பாத்துட்டு வர்றேன். இந்த ஓட்டத்துக்கும் நான் பயப்படாம முன்னாடி உக்காந்திருக்கேன்னா, கீழே இருக்கிறது உங்க வீட்டுக்காரரோட பேடு, அதனாலதான்.”

“ஞாயித்துக்கிழமை…” தையற்காரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “வண்டி கழுவணும், ஷெட் சாவி குடுன்னு வந்து நின்னியே…”

“அக்கா…” சடன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா. அத்தானுக்குக் கெடுதல் பண்ணணும்னு நினைப்பேனா? அவர் பிரேக்கே போடமாட்டாரே! அவர் வண்டியில எந்தப் பேடு இருந்தா என்னன்னு நினைச்சேன். சும்மாதானே கிடக்குது, அடுத்த மாசம் புதுப் பேடு வந்ததும் திருப்பி மாட்டிடலாம்னு நினைச்சேன். அவர் மிதிப்பார்னு எனக்குத் தோணவே இல்லக்கா!”

அவள் கை ஓங்கிவிட்டது. அடித்துவிடுவாள் என்றே ரேடியோ நினைத்தான். கை அந்தரத்தில் நின்று, அவன் தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

“அவருக்குத் தெரியும்டா,” என்றாள். “இடிச்சதும் இறங்கி அந்தப் பேடைப் பாத்திருக்காரு. பாத்ததும் தெரிஞ்சிருக்கும், சாவி யாருக்குக் கெடைக்கும்னு. அதுக்குத்தான் வாயைத் திறக்கல. உன்னைக் காட்டிக்கொடுத்தா நான் அழுவேன்னு வாயைத் திறக்கல!”

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. வேன் நகரவில்லை.

சர்வேயர் பின்னால் திரும்பினார். துப்பு கிடைத்த பெருமிதம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. “யாரா இருந்தாலும் விட்டுடாதீங்கன்னு சொன்னீங்க. இப்பவும் அதேதானா? கீழே நாலு நிமிஷத்துல ஸ்டேஷன். நான் என்ன சொல்லணும்னு நீங்கதான் சொல்லணும்.”

தையற்காரம்மா வாயைத் திறந்தாள். புருஷனா தம்பியா என்று எந்த வாய் சொல்லும்? கண்ணீர்தான் வந்தது. ரேடியோவுக்கு ஜோக் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததற்கு முதல் தடவையாக அவன் சந்தோஷப்பட்டான்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம்,” என்றான் சடன். மூக்கை உறிஞ்சிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். “நானே சொல்லிக்கிறேன்.”

கியர் மாறியது. வேன் இறக்கத்தில் இறங்க ஆரம்பித்தது. ரேடியோ பழக்கதோஷத்தில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். இடப்பக்கம் அந்த பஸ் ஸ்டாப், ஒரு தூண் முறிந்து, கூரை சாய்ந்து. அதைத் தாண்டும்போது சடன் ஒரு தடவை பார்த்தான், அப்புறம் ரோட்டை மட்டும் பார்த்தான். வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே அடக்கமாகப் போனது. பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டான்.

“இறங்குடா,” என்றார் சர்வேயர்.

“எங்க மேடம்?” ரேடியோ இன்னும் கம்பியை விடவில்லை. வெளியே பார்த்தான். ஸ்டேஷன் வாசல். வேன் நின்றதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

உள்ளே நிதானம் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பிளாஸ்திரி. எதிரே மேஜைமேல் எழுதிவைத்த வாக்குமூலம். கையில் பேனா மூடி திறந்தபடி இருந்தது. வெறுங்காலோடு நுழைந்தவனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“நீ எதுக்குடா வந்தே? வண்டியைப் பாத்துக்கோன்னு சொன்னேன்ல. கிளம்பு!”

“சார்,” சடன் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றான். குரல் தடுமாறவில்லை. “பேடை மாத்தினது நான். ஞாயித்துக்கிழமை, அத்தான் வீட்டுல இருந்த ஷெட் சாவியை எடுத்துட்டுப் போய் மாத்தினேன். அவருக்குத் தெரியாது. வாசல்ல நிக்கிற வண்டியில அவரோட பேடு இருக்கு, கழட்டிப் பாருங்க.”

“பொய் சார்!” நிதானம் எழுந்தே விட்டார். “சின்னப் பையன், என்மேல பாசத்துல உளர்றான். குடுங்க, கையெழுத்து போடறேன்.”

அவர் குனிந்தார். தையற்காரம்மா அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

“போதும்ங்க,” என்றாள். “எனக்காக நீங்க பண்ணினது போதும். அவன் பண்ணினதை அவனே சுமக்கட்டும். வெளிய வந்ததும் நாமதானே இருக்கோம்.”

இன்ஸ்பெக்டர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் தலையசைத்தார். அந்தத் தாள் மேஜையிலிருந்து எடுக்கப்பட்டு, புதுத் தாள் வந்தது. சடனை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

நிதானம் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். வெகுநேரம் மச்சானின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் கடைசியில் டிரைவர் கேட்பதைத்தான் கேட்டார்.

“மேட்டுத் தெரு வழியாவா வந்தே?”

“ஆமா அத்தான்.”

“இறக்கத்துல பிரேக் போட்டியா?”

“இல்ல அத்தான். கியர்லயே வந்தேன்.”

நிதானம் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.